ஒன்றரை மணி நேர மேடைக்கு 137 மணி நேர உழைப்பு: ஒரு நேரடி இசை நிகழ்ச்சியின் கணக்கு

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். பாடுபவரே அக்கூஸ்டிக் கிட்டாரும் வாசிக்கிறார். மற்ற மூவர் பேஸ் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ். நால்வருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. 120 பேர் உட்காரக்கூடிய, 15 மீட்டர் நீளமுள்ள ஹால். 20 பாட்டு, பத்துப் பத்தாக இரண்டு பகுதி, நடுவில் 20 நிமிட இடைவேளை, வாசிக்கும் நேரம் மொத்தம் 90 நிமிடம். ஸ்பீக்கர், மிக்சர் எல்லாம் குழுவின் சொந்தச் சாமான். தனியாக சவுண்ட் இன்ஜினியர் கிடையாது.

இது எந்தக் குறிப்பிட்ட குழுவின் கதையும் அல்ல. இந்த அளவுள்ள குழுக்களுக்கு எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், எங்கே எது சொதப்பும் என்பதை ஒரே நிகழ்ச்சியாகக் கட்டி, கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோம். இவ்வளவு பாடுபட்டு மேடையேறுவது தகுமா என்பதே கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு முறை வாசிப்பதற்காக என்றால் தகாது. அதே 20 பாட்டை அரை டஜன் இடங்களில் வாசித்து, ஒவ்வொரு இடத்திலும் தவறியதைத் திருத்திக்கொண்டே போவதானால் தகும். வேறெந்த வழியிலும் வராத ஒன்று அதில் வந்து சேர்கிறது.

நேரம் எங்கே போகிறது

20 பாட்டில் 12 பழையவை, 8 புதியவை. புதிய பாட்டு ஒன்றைத் தனியாக உட்கார்ந்து கையில் ஏற்றிக்கொள்ள ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், 8 பாட்டுக்கு 12 மணி நேரம். நால்வருக்கும் சேர்த்து 48. பிறகு மும்மூன்று மணி நேரமாக நான்கு கூட்டு ஒத்திகை: இன்னொரு 48. ஆக, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே 96 மணி நேரம் போய்விட்டது.

நிகழ்ச்சி நாளை நிமிடத்தில் பார்ப்போம். சாமான் ஏற்ற 45, போக 60, இறக்கி மாட்ட 75, சவுண்ட் செக் 60, சும்மா காத்திருப்பது 60, வாசிப்பும் இடைவேளையும் 110, கழற்றிக் கட்ட 50, திரும்பி வர 60, வீட்டில் இறக்கி வைக்க 30. மொத்தம் 550 நிமிடம், அதாவது 9 மணி 10 நிமிடம். நால்வருக்கு 36 மணி 40 நிமிடம். பேசி முடிப்பது, பாட்டு வரிசை எழுதுவது, பேட்டரி, ஸ்ட்ரிங் வாங்குவது போன்றவற்றுக்கு யாரோ ஒருவருக்கு 5 மணி நேரம். எல்லாம் கூட்டினால் 137 மணி 40 நிமிடம்.

இதில் வாசித்தது ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், நால்வருக்கு 6. ஒரு மணி நேர இசைக்கு ஏறத்தாழ 23 மணி நேர உழைப்பு. பல குழுக்கள் ஓராண்டுக்குள் ஓய்ந்துபோவதற்கு இந்த விகிதம் முக்கியக் காரணம் என்பது எங்கள் எண்ணம். மனஸ்தாபம் பிறகு வருகிறது. முதலில் வருவது களைப்பு.

எதை வெட்டலாம் என்று கேட்டால் எல்லோரும் ஒத்திகையைத்தான் கைகாட்டுவார்கள். வெட்ட வேண்டியது அதுவல்ல. மாட்டுவதும் கழற்றுவதுமாக 125 நிமிடம் போகிறதே, அதை 70-க்குக் கொண்டுவரலாம். கேபிள்களை நீளவாரியாக வண்ண டேப் ஒட்டிப் பிரித்து வைப்பது, முழங்கையில் சுற்றாமல் ஒரு சுற்று மேலே ஒரு சுற்று கீழே என்று மாற்றி மாற்றிச் சுருட்டுவது (முறுக்கேறாது, வீசினால் நேராக விழும்), மிக்சரில் எந்தச் சேனலில் எது என்பதை ஒருபோதும் மாற்றாமல் வைத்திருப்பது, கீபோர்டு ஸ்டாண்டின் உயரத்தில் ஒரு டேப் குறி, டிரம்ஸ் விரிப்பில் ஒவ்வொரு ஸ்டாண்டின் காலுக்கும் ஒரு குறி. இவ்வளவுதான் வேலை. செலவு ஒரு டேப் சுருள்.

முதல் மேடை: யாருக்கும் எதுவும் கேட்கவில்லை

ஒத்திகை அறையில் நால்வரும் இரண்டு மீட்டர் வட்டத்துக்குள் முகம் பார்த்து நிற்கிறார்கள். மேடையில் வரிசையாகச் சபையைப் பார்த்து நிற்கிறார்கள். கெட்டுப்போவதில் பாதி இதிலிருந்து தொடங்குகிறது.

ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், 20 டிகிரி வெப்பத்தில். மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிநொடி. டிரம்மருக்கும் பாடுபவருக்கும் நடுவே 3 மீட்டர் இருந்தால் தாமதம் 9 மில்லிநொடி; அது உறுத்தாது. ஆனால் மேடையில் தன் குரல் கேட்காத பாடகர் என்ன செய்கிறார்? ஹாலின் பின்சுவரில் மோதித் திரும்பும் குரலைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார். 15 மீட்டர் போய் 15 மீட்டர் திரும்ப 87 மில்லிநொடி ஆகிறது. நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், ஒரு பீட்டை நான்காக உடைத்தால் ஒரு பங்கு 125 மில்லிநொடி. அதில் பாதிக்கும் மேல் பிந்திய குரலைக் கேட்டுக்கொண்டு பாடுபவர் இழுக்காமல் என்ன செய்வார்? அவர் இழுக்க, டிரம்மர் பதறிப்போய்த் தள்ளுவார். பாட்டு முடிந்ததும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். தவறு இருவரிடமும் இல்லை, மானிட்டரில் (வாசிப்பவர்களுக்கே அவர்கள் ஒலியைக் கேட்கச் செய்யும் மேடை ஸ்பீக்கரில்) இருக்கிறது.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் ஏறத்தாழ 55,600 பேருக்கு வாசித்தார்கள். மேடை மானிட்டர் என்ற ஏற்பாடு இன்னும் பரவாத காலம். கூச்சலில் தங்கள் குரலே தங்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு கட்டணக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தியதற்குக் காரணங்கள் பல. வாசிப்பது காதில் விழாத மேடையில் வாசிப்பு மெருகேறாது என்பதும் அவற்றில் ஒன்று.

மானிட்டரைப் படியவைப்பது

சவுண்ட் செக்கின் 60 நிமிடத்தில் 20 நிமிடத்தை இதற்கே ஒதுக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் காலால் அடிக்கும் கிக் டிரம்மில் தொடங்கி, குரலுக்கு வருவதற்குள் நேரம் தீர்ந்துபோய் நிற்கின்றன. சிறிய ஹாலில் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் குரல், பிறகு கிட்டார், கீபோர்டு, பேஸ், கடைசியில் டிரம்ஸ். ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பிப் புகுந்து கூவத் தொடங்குவதற்கு முன் குரலை எவ்வளவு ஏற்ற முடிகிறதோ அதுதான் அன்றைக்கு மேடையின் உச்சவரம்பு. மற்ற எல்லாம் அதற்குக் கீழே அடங்க வேண்டும்.

முதலில் மைக் எந்த வகை என்று பாருங்கள். முன்பக்கம் நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம்தான் செவிடு; மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் வால் பார்க்கும் திசையில் வைக்க வேண்டும். முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டுக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், செவிடான பக்கம் முன்பக்கத்திலிருந்து சுமார் 126 டிகிரியில் இருக்கிறது. அதற்கு மானிட்டரைச் சற்று ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே விடுவதால் வரும் கூவல் கொஞ்சநஞ்சமல்ல. மானிட்டரின் வாய் காதைப் பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள். பல மேடைகளில் அது முழங்காலுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது.

பிறகு பாடுபவர் மைக் முன்னால் நிற்க, மானிட்டருக்குப் போகும் அளவை மெல்ல ஏற்றுங்கள். அவர் நிற்பது அவசியம். முகமும் கையும் ஒலியைத் திருப்பி மைக்குக்குள் அனுப்பும், காலி மேடையில் செய்த சோதனை ஏமாற்றிவிடும். முதல் கூவல் எந்த ஹெர்ட்ஸில் வருகிறதோ அந்த இடத்தை ஈக்வலைசரில் (ஸ்தாயிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) 3 டெசிபல் குறையுங்கள். மறுபடி ஏற்றுங்கள். இரண்டாவது கூவல், இன்னொரு 3 டெசிபல். மூன்றாவதோடு நிறுத்திவிட வேண்டும். நான்கு, ஐந்து என்று வெட்டிக்கொண்டே போனால் கூவல் போகும், கூடவே குரலின் உயிரும் போய்விடும். கடைசியில் மொத்த அளவையும் கூவும் எல்லையிலிருந்து 6 டெசிபல் இறக்கி வையுங்கள்.

இதற்கு மேலும் குரல் போதவில்லை என்றால் ஒலி அளவை ஏற்றும் ஃபேடரில் கைவைக்காதீர்கள், வாயை நகர்த்துங்கள். மைக்கிலிருந்து 10 சென்டிமீட்டரில் பாடுபவர் 5-க்கு வந்தால் ஏறத்தாழ 6 டெசிபல் சும்மா கிடைக்கிறது. திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால் கூவலுக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறையும். கோரஸ் பாடாதபோதும் திறந்தே கிடக்கும் இரண்டு மைக்குகள் உங்கள் பாடகரின் குரலைத் தின்றுகொண்டிருக்கின்றன. மைக்கின் வலைத் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். பொத்தியதும் அது எல்லாத் திசையும் கேட்கும் மைக்காகிவிடும்.

பேஸ் ஆம்ப் பற்றி ஒரு வார்த்தை. தரையில் வைத்தால் அதன் ஒலி வாசிப்பவரின் காலோடு போகிறது. தனக்குக் கேட்கவில்லை என்று அவர் ஏற்றுகிறார், முதல் வரிசையில் இருப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றி, காதுப் பக்கம் சாய்த்து வைத்தால் அவரே குறைத்துவிடுவார்.

அக்கூஸ்டிக் கிட்டார் வயிற்றுக்குள்ளிருந்து ஊளையிடுவது அநேகமாக 100 ஹெர்ட்ஸை ஒட்டி. அது பெட்டிக்குள்ளிருக்கும் காற்றின் இயல்பான அதிர்வு. துளையில் ரப்பர் மூடி ஒன்றைப் பொருத்தினால் பெரும்பாலும் அடங்கும். ஹம் என்ற மின் ரீங்காரம் வந்தால் எல்லா ஒலிச் சாமானையும் ஒரே மின் இணைப்பிலிருந்து எடுங்கள், வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில், சிக்னல் கேபிளின் கிரவுண்டைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றவோ வெட்டவோ கூடாது. கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு. இரண்டுக்கும் நடுவே மின்சாரம் பாய்ந்தால் உயிர் போகும்.

காலி ஹாலில் பார்த்த ஒலி, ஆள் நிறைந்ததும் மாறும். உடம்பும் துணியும் நடு, மேல் ஸ்தாயி ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். அடி ஒலி அவ்வளவாகக் குறையாது. சவுண்ட் செக்கில் கொஞ்சம் கூர்மையாகப் பட்டது நிகழ்ச்சியில் சரியாக இருக்கும். அப்போதே இதமாக இருந்தது பிறகு மந்தமாகிவிடும். ஸ்ருதியும் நகரும். மேடை விளக்கின் சூட்டில் ஸ்டீல் கம்பி இளகி ஸ்ருதி இறங்கும், குழல் வாத்தியமோ காற்று சூடாக ஆக டிகிரிக்கு 3 சென்ட் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வரை ஏறும். இரண்டும் உள்ள குழு, மேடை ஏறி பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்ருதி பார்க்காவிட்டால் மாட்டிக்கொள்ளும்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

முதல் மேடையில் குழு தோற்பது பெரும்பாலும் பாட்டுக்குள் அல்ல. 20 பாட்டு, தலா 4 நிமிடம் என்றால் 80 நிமிடம். மீதி 10 நிமிடத்தை 18 இடைவெளிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 நொடி. கேபோ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கிளிப்) தேட, தண்ணீர் குடிக்க, “அடுத்து எது?” என்று கிசுகிசுக்க ஒவ்வொரு இடைவெளியும் ஒரு நிமிடமானால் 8 நிமிடம் கூடிவிடும், கடைசியில் இரண்டு பாட்டு விழும். விழுவது எப்போதும் நன்றாகத் தேறியிருந்த பாட்டுதான், ஏனென்றால் அதைத்தான் முடிவுக்கு வைத்திருப்பார்கள்.

ஒத்திகையில் இந்த 33 நொடியைப் பழகுவதே இல்லை. பாட்டு முடிந்ததும் நிறுத்திப் பேசி, சிரித்து, மறுபடி தொடங்குகிறார்கள். நான்கு ஒத்திகையில் கடைசி ஒன்றை முழு நிகழ்ச்சியாக, நிறுத்தாமல், நின்றபடி, வட்டமாக இல்லாமல் வரிசையாக நின்று ஓட்ட வேண்டும். தவறினாலும் நிறுத்தக்கூடாது. பாட்டு வரிசையைப் போடும்போது ஒரே ட்யூனிங், ஒரே கேபோ கட்டம் உள்ள பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் மாற்றங்கள் பாதியாகக் குறையும். கீபோர்டில் டோன் மாற்ற நேரம் வேண்டிய இடத்தில் பாடுபவர் பேசலாம். எங்கே பேசுவது என்பதையும் வரிசைத் தாளிலேயே எழுத வேண்டும்.

வேகம் இன்னொரு சிக்கல். படபடப்பில் கை முந்தும். 120 பீட் பாட்டை 126-இல் தொடங்கினால் 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 49 நொடியில் முடிகிறது. 11 நொடிதானே என்று தோன்றும். ஆனால் பாடுபவருக்கு மூச்செடுக்க இருந்த சின்னச் சின்னச் சந்துகளிலிருந்துதான் அந்த 11 நொடியும் போகிறது. மூன்றாவது சரணத்தில் குரல் வறண்டு நிற்கும். டிரம்மர் கண்ணெதிரே மெட்ரோனோம் ஒளியோ காதில் கிளிக்கோ வைத்து முதல் நான்கு எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துக்கொண்டால் போதும், பாட்டு முழுக்க வேண்டியதில்லை.

ஆறாவது முறை

இதே 20 பாட்டை ஆறு இடத்தில் வாசித்தால் தயாரிப்பின் 96 மணி நேரம் ஒரே முறைதான். ஒவ்வொரு அடுத்த நிகழ்ச்சிக்கும் முன்னால் 3 மணி நேரப் புதுப்பிப்பு ஒத்திகை ஒன்று: நால்வருக்கு 12, ஐந்து முறைக்கு 60. ஆறு நாளின் உழைப்பு 220, மற்ற அலைச்சல் 30. மொத்தம் 406 மணி நேரம். வாசித்தது 36. விகிதம் 23-லிருந்து 11-க்கு இறங்கிவிட்டது. மாட்டுவது, கழற்றுவதில் மேலே சொன்ன 55 நிமிடத்தையும் மிச்சப்படுத்தினால் இன்னொரு 22 மணி நேரம் கழியும்.

எண்ணைவிடப் பெரியது வாசிப்பில் வரும் மாற்றம். தவறிய இடத்தில் நிறுத்த முடியாது என்ற ஒரே நிபந்தனை, ஒத்திகை எத்தனை நடத்தினாலும் கற்றுத்தராததைக் கற்றுத்தருகிறது. பாடுபவர் இரண்டாம் சரணத்தை மறந்து முதலாவதையே மறுபடி எடுக்கிறார். பேஸ் வாசிப்பவர் அரை பீட்டுக்குள் பிடித்துக்கொள்கிறார். கீபோர்டு பின்னால் வருகிறது. சபைக்குத் தெரியவே இல்லை. இது மூன்றாம், நான்காம் மேடைக்கு முன்னால் வராது. 1960 ஆகஸ்டிலிருந்து 1962 டிசம்பர் வரை பீட்டில்ஸ் ஐந்து முறை ஹாம்பர்க் போய், கிளப்புகளில் இரவு இரவாகப் பல மணி நேரம் வாசித்தார்கள். அவர்களைக் கட்டிப்போட்டுக் குழுவாக்கியது அந்த மேடைகள்தான் என்பதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பியானோ மேதை கிளென் கூல்ட் 1964 ஏப்ரல் 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் வாசித்ததோடு பொதுமேடையை விட்டார், 31 வயதில். அதன்பின் ஒலிப்பதிவுக் கூடமே அவருடைய மேடை. ஒவ்வொரு சுரத்தையும் தான் நினைத்தபடியே நிறுத்த வேண்டும் என்பவருக்கு மேடை வெறும் தடை. அப்படிப்பட்டவர்கள் மேடையேறாமல் இருப்பது குறையல்ல. மற்றவரோடு சேர்ந்து வாசிப்பதில் வளர நினைப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

காது

இதை யாரும் செலவில் எழுதுவதில்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நையோஷ் சொல்லும் அளவு: 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதி. 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் 15 நிமிடம். டிரம்ஸ் பக்கத்தில் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். நான்கு ஒத்திகை, ஒரு சவுண்ட் செக், ஒரு நிகழ்ச்சி என்று கூட்டிப் பாருங்கள். எல்லா ஸ்தாயியையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பானை ஒத்திகையிலிருந்தே போட்டுப் பழக வேண்டும். மேடையில் முதன்முறை போட்டால் பாடுபவருக்குத் தன் குரல் மண்டைக்குள் முழங்கி ஸ்ருதி தவறும்; இரண்டு மூன்று ஒத்திகையில் அது பழகிவிடும்.

எப்போது வேண்டாம் என்று சொல்வது

மாட்டுவதற்கும் சவுண்ட் செக்குக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாகக் கொடுக்கும் இடத்துக்கு, டிரம்ஸோடு போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் டிரம்மர், மேலே உட்கார்ந்து கையால் தட்டும் ஒரு கஹோன் பெட்டியோடும் பேஸ் டி.ஐ. வழியாகவும் போகட்டும், மாட்டும் நேரம் அரை மணியாகிவிடும், கூவலும் குறையும். எட்டுப் பாட்டையும் புதிதாகக் கேட்டு ஒரே ஒரு முறை வாசிக்கச் சொல்லும் அழைப்பை, பழைய 12 பாட்டில் எட்டை வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் ஆளுக்கு 12 மணி நேரம் தனிப்பயிற்சிக்கு மட்டுமே போகும் என்பதைத் தாளில் எழுதி, நால்வரும் பார்த்த பிறகு முடிவெடுங்கள். அந்த எட்டில் எத்தனை பாட்டு அடுத்த மூன்று மேடைக்கும் உடன் வரும் என்று எண்ணுங்கள். ஐந்து பாட்டாவது வந்தால் போகலாம். இரண்டுதான் தேறும் என்றால், அன்றே தொலைபேசியில் மறுத்துவிடுங்கள். அழைத்தவருக்கு வேறு குழு தேட நாள் இருக்கும்.